இடது ஓரத்து ஒரு மீட்டர்

சென்னையில் சாலை போடுகிற, வெட்டுகிற, மூடுகிற எல்லாத் துறைப் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு எழுதும் மடல் இல்லை இது. தனிப்பாதை வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு நிலம் வேண்டும், டெண்டர் வேண்டும், அடிக்கல் நாட்ட நாள் பார்க்க வேண்டும். நாங்கள் கேட்பது ஏற்கெனவே இருக்கிற தார்ச்சாலையின் இடது ஓரத்தில் ஒரு மீட்டர். அகலப்படுத்த வேண்டாம், பச்சைச் சாயம் பூச வேண்டாம், பலகை நட வேண்டாம். அந்த ஒரு மீட்டரில் சக்கரம் விழாமல், வழுக்காமல், தூக்கிப் போடாமல் இருந்தால் போதும்.

எழுதுகிறவர்கள், பின் சீட்டில் பிள்ளையை வைத்து சைக்கிள் ஓட்டும் தகப்பன்மார் சிலர். கூடவே அந்த வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரும், சாலை வேலை தெரிந்த இருவரும்.

முதலில் இந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். போக்குவரத்துத் திட்டங்களில் 'வேலைக்குப் போவது' என்றால் வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரு கோடு. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அப்படி ஒரு கோடு கிடையாது. எட்டு மணிக்குக் கிளம்பி, சின்னதைப் பால்வாடியில் விட்டு, பெரியதை பெல் அடிப்பதற்குள் பள்ளி வாசலில் இறக்கி, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கோ வேலைக்கோ போக வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும்போது பால், தோசை மாவு, கீரை, சில நாள் மருந்துக்கடை. எல்லாம் கூட்டினால் ஏழெட்டு கிலோமீட்டர் வரும். ஆனால் பெரும்பாலும் வீட்டிலிருந்து எந்த இடமும் 3 கி.மீ. தாண்டாது. சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரம் அது. 2000-களின் நடுவில் 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இன்று எல்.கே.ஜி. போகும் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டத் தெரியாத ஆட்கள் இல்லை.

இப்போது எடை. வண்டி 18 கிலோ, குழந்தை சீட் 4, நான்கரை வயதுப் பிள்ளை 16, பள்ளிப்பையும் சாப்பாட்டுக் கூடையும் 4, அப்பா 70. மொத்தம் 112 கிலோ. அதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தின் மேல் உட்காருகிறது. முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். மணிக்கு 12 கி.மீ. வேகத்துக்கு வந்துவிட்டால் ஆட்டம் அடங்கும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் இரு பக்கமும் 15, 20 செ.மீ. அலையும். ஹேண்டில்பார் அகலம் 60 முதல் 65 செ.மீ. கூட்டிப் பாருங்கள், நாங்கள் கேட்கும் ஒரு மீட்டர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தனியாக ஓட்டுகிறவர் பள்ளத்தைக் கண்டால் சட்டென்று ஒடித்துத் தப்பித்துவிடுவார். இந்த வண்டியை அப்படி ஒடிக்க முடியாது. ஒடித்தால் வலப்பக்கம் பஸ்.

கம்பி மூடியிலிருந்து தொடங்குகிறோம். மழைநீர் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்க, நடைபாதையின் ஓரக் கல்லை (கெர்ப்) ஒட்டி இரும்புக் கம்பி மூடி போடுகிறீர்கள். சரியாக எங்கள் ஒரு மீட்டருக்குள்தான் அது வரும். தண்ணீர் ஓடுவது அங்கேதான் என்பதால் வேறெங்கும் வைக்கவும் முடியாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

பழைய 28 அங்குல சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. பல லேடீஸ் சைக்கிள்களில் 35 மி.மீ. கியர் வைத்த ஹைப்ரிட் வண்டிகளில் 32 முதல் 40 வரை. பள்ளிப் பிள்ளைகள் ஆசைப்படும் தடித்த டயர் வண்டியில் 50. கம்பிக்கும் கம்பிக்கும் 40 மி.மீ. இடைவெளி விட்டுச் சாலையின் நீளவாக்கில் போட்டால், அந்தத் தடித்த டயரைத் தவிர மற்றதெல்லாம் உள்ளே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று தாளில் கணக்குப் போட்டே சொல்லலாம். 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 33 செ.மீ. இடைவெளியின் நீளம் 30 செ.மீ. என்றால் சக்கரம் மூன்றரை செ.மீ. இறங்கும். 60 செ.மீ. என்றால் 19 செ.மீ. இறங்கும். சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு மேலே போவார், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை வண்டியோடு சேர்ந்து கவிழும். இனி அதே மூடியைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போடுங்கள். அதே 40 மி.மீ. இடைவெளியில் அதே சக்கரம் இறங்குவது 1 மி.மீ.கூட இல்லை. ஓட்டுகிறவருக்குக் 'கடகட' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

சதுர மூடியாக இருந்தால் செலவே இல்லை. தூக்கி, 90 டிகிரி திருப்பி வைக்க இரண்டு ஆளும் ஒரு கடப்பாரையும் போதும். செவ்வக மூடியாக இருந்தால், அதன்மேல் 10, 12 செ.மீ.க்கு ஒன்றாக குறுக்கே இரும்புப் பட்டைகளைக் கம்பி மட்டத்துக்கே பதித்து வெல்டிங் வைக்கலாம். பட்டையை மேலே ஒட்டவைத்தால் அதுவே ஒரு தடுக்காகிவிடும். குறுக்குப் பட்டை வைத்தால் குப்பை தங்கும், தண்ணீர் மெதுவாக இறங்கும் என்று சொல்வீர்கள். உண்மைதான். இலையும் பிளாஸ்டிக் கவரும் எந்தக் கம்பியிலும் தங்கும். தண்ணீர் வேகமாகப் போக வேண்டுமென்றால் கெர்ப் கல்லிலேயே பக்கவாட்டில் வாய் திறந்துவிடுங்கள். சில தெருக்களில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே சாலையில் கம்பியே தேவையில்லை.

இரும்பு திருட்டுப் போவதும் தெரிந்ததுதான். ஒரு பக்கம் கீல் வைத்த மூடி போட்டால் கழற்றிக்கொண்டு போவது கடினம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கீல் இருக்கும் பக்கம், வண்டி வரும் திசையில் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால், சரியாக மூடாத நாளில் தூக்கிய விளிம்பு வருகிற சக்கரத்தைப் பார்த்து நிற்கும். கீல் முன்பக்கம் இருந்தால் மூடி சரிவுப் பலகை மாதிரி ஏறி இறங்க விட்டுவிடும்.

சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். மூடி மேல் சாலையின் போக்கில் நிறுத்திக் கையால் அழுத்துங்கள். இறங்கினால் அந்த மூடி தப்பு.

அடுத்தது பாதாளச் சாக்கடை மூடி. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மேலே சுமார் 40 மி.மீ. தார் ஏறுகிறது. மூடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு முறை போட்டால் 8 செ.மீ. ஆழத்தில் வட்டக் குழி. பிறகு யாரோ சிமென்ட் வைத்து மூடியை உயர்த்துவார்கள். இந்த முறை அது 5 செ.மீ. மேலே நிற்கும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு உத்தரவு இருக்கிறது. அப்படிச் சுரண்டினால் (மில்லிங்) சாலை மட்டம் உயராது, வீட்டுக்குள் தண்ணீர் வராது, மூடியும் குழியாகாது. ஆனால் மில்லிங் இயந்திரம் கெர்ப் கல்லுக்கு ஒட்டிப் போவதில்லை. ஓரத்தில் ஒன்றரை, இரண்டு அடியை விட்டுவிடும். அந்த ஓரத்தைக் கையால் உடைத்து எடுக்காமல் அப்படியே தார் ஊற்றினால், எங்கள் ஒரு மீட்டருக்கு நடுவே நீளமாக ஒரு படி விழும்.

நீளவாக்குப் படிக்கும் குறுக்குவாக்குப் படிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். குறுக்கே 2 செ.மீ. மேடு இருந்தால் வண்டி குலுங்கும், அவ்வளவுதான். அதே 2 செ.மீ. சாலையின் போக்கிலேயே நீளமாக ஓடினால், சக்கரம் அதன் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், மேலே ஏறாது. ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினாலும் சக்கரம் இடப்பக்கமே இழுக்கும், உடம்பு வலப்பக்கம் சாயும். விழுவது அப்படித்தான். காரில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பைக்கில் போகிறவருக்கு லேசாகத் தெரியும். கேபிள், குழாய் பதிக்க வெட்டிய பள்ளங்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவைதான், ஏனென்றால் குழாய் சாலையின் போக்கிலேயே போகிறது.

வெட்டியதை மூடும் முறை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. 15 முதல் 20 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காக மண்ணோ ஜல்லிக் கலவையோ போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்கி, மேலே தார். நடப்பது வேறு. தோண்டிய மண்ணையே மொத்தமாகத் தள்ளி, மேலே ஜே.சி.பி. சக்கரத்தை இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் மண் உட்காரும். அப்போது பில் பாஸாகியிருக்கும். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் பாதி சரியாகும்: வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஜனவரியில் 3 மீட்டர் மட்டப்பலகையை வெட்டிய இடத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்து, அடியில் 1 செ.மீ.க்கு மேல் இடைவெளி இல்லை என்றால்தான் கடைசித் தவணை.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, அது முடியும்வரை தடுப்புக்கும் கெர்ப்புக்கும் இடையில் மிஞ்சும் சந்துதான் சாலை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளத்தின் மேல் போடும் இரும்புத் தகடுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மழையில் அது எண்ணெய் தடவிய தோசைக்கல். தகட்டின் மேல் குறுக்குக் கோடாக வெல்டிங் தழும்பு வைத்தால் டயர் பிடிக்கும்; விளிம்பைச் சுற்றிக் குளிர் தார்க் கலவையைச் சரிவாக வைத்தால் தூக்கிப் போடாது. அரை மணி நேர வேலை.

வேகத்தடை. இந்தியச் சாலை காங்கிரஸின் 1988 வரையறையில் வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். இதன் மேல் சைக்கிள் படகு மாதிரி ஏறி இறங்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் என்பதால் இரண்டுமே சரிவில் இருக்கும். தெருக்களில் நாம் பார்ப்பது அரை மீட்டர் அகலத்தில் 12, 15 செ.மீ. உயர மொட்டு. முதலில் முன்சக்கரம் ஏறி விழும், அப்புறம் பின்சக்கரம். குழந்தை சீட் இருப்பது சரியாகப் பின் அச்சுக்கு மேலே. அப்பாவுக்கு முழங்கால் இருக்கிறது, எழுந்து நின்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்வார், பிள்ளை முழுசாக வாங்கும். காற்று குறைவாக இருந்தால் ரிம்முக்கும் தடைக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். கடைக்கு வரும் இந்த மாதிரி பஞ்சரைப் பார்த்தே எந்தத் தெருவில் போனது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

இதைவிட மோசம், துண்டு துண்டாக இணைத்துப் போல்ட் அடிக்கும் ரப்பர் தடை. சில மாதத்தில் நடுத் துண்டுகள் பிய்ந்துபோகும். போல்ட் தலை மட்டும் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். தடையைக் கழற்றுகிறவர்கள் போல்ட்டையும் அறுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதைக்கூட எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தடையின் ஓரத்தில், தண்ணீர் போவதற்காக ஒன்றரை அடி இடைவெளி விடுவார்கள். சைக்கிளுக்கு அது நல்ல வழி. பைக்குக்கும் நல்ல வழி என்பதுதான் சிக்கல். எல்லாரும் கடைசி நொடியில் அந்த இடைவெளிக்கே பாய்வார்கள். சரியான வளைவில் தடை போட்டால் யாருக்கும் ஓரம் தேடத் தேவையிருக்காது.

சென்னையின் அமைப்பே சின்னப் பயணத்தையும் பெரிய சாலைக்குத் தள்ளுகிறது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், அதற்கு மேல் ரயில் பாதைகள். மேற்கு மாம்பலத்தில் வீடு, தி. நகரில் பள்ளி என்றால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று வழி விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். உள்தெரு வழியாகச் சுற்றிப் போ என்று சைக்கிள்காரருக்குச் சொல்லும் ஆலோசனை இங்கே செல்லாது. சுரங்கப்பாதையில் 112 கிலோவோடு மேடு ஏறும்போது வேகம் மணிக்கு 6 கி.மீ.க்கு இறங்கும். அது நடக்கிற வேகம். ஆட்டம் அதிகமாகும் அதே இடத்தில்தான் சாலை குறுகலாக இருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே வரும் கண்ணுக்கு இருட்டாகவும் இருக்கிறது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும், இரவைவிடக் கூடுதலாக. ஏறும் பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் சொரசொரப்பான கான்கிரீட், சேறு தங்காமல் வாரம் ஒரு முறை கூட்டல். சுரங்கப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த ஈரச் சேறு. மீதிப் பாதி, குரோம் பூசிய இரும்பு ரிம். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிள்ளையோடு போகிறவர்கள் அலுமினிய ரிம்முக்கோ டிஸ்க் பிரேக்குக்கோ மாறுவது நல்லது. அது எங்கள் பக்கத்து வேலை.

சிக்னலில் இரண்டு விஷயம். 25 மீட்டர் அகலச் சந்திப்பை 12 கி.மீ. வேகத்தில் கடக்க ஏழரை விநாடி ஆகும். பச்சையின் கடைசி நொடியில் உள்ளே நுழைந்தால் மஞ்சள் 3 விநாடி, அப்புறம் எதிர்ப்பக்கம் பச்சை. நாங்கள் நடுவில் நிற்போம். அதற்கு நடுவே எல்லாப் பக்கமும் 5 விநாடி சிவப்பாக இருந்தால் கடந்துவிடலாம். நடந்து கடக்கும் பாட்டிக்கும் அதே 5 விநாடி உதவும்.

மற்றது, 'ஃப்ரீ லெஃப்ட்'. நேராகப் போகிற சைக்கிள் இடது ஓரத்தில் போகிறது. நிற்காமல் இடது திரும்புகிற கார் அதன் குறுக்கே வெட்டுகிறது. மூலையின் வளைவு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெட்டும். பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கிற மூலைகளிலாவது கெர்ப்பை முன்னுக்கு இழுத்து வளைவைச் சுருக்குங்கள். கான்கிரீட் போட நாளாகும் என்றால் முதலில் மணல் மூட்டையும் பிளாஸ்டிக் கம்பமும் வைத்து ஒரு மாதம் பாருங்கள்.

வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்பில் குடியிருப்புப் பகுதிக்கு மணிக்கு 30 கி.மீ. என்று ஏற்கெனவே இருக்கிறது. 30-இல் வரும் வண்டி, ஓட்டுநர் பார்த்துப் பிரேக் மிதிக்க எடுக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து, காய்ந்த சாலையில் ஏறக்குறைய 14 மீட்டரில் நிற்கும். 50-இல் வந்தால் 30 மீட்டர் வேண்டும். நம் தெருவில் 30 மீட்டர் என்பது நான்கு வீடு. இந்த வரம்பைப் பலகையால் கொண்டுவர முடியாது. சரியான வேகத்தடை, சுருக்கிய மூலை, குறுக்கிய தெரு வாய் மூன்றும் சேர்ந்தால் போலீஸ் நிற்காமலேயே வரும்.

பள்ளி வாசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஆபத்து வேகத்தால் வருவதில்லை. நிற்பதில் வருகிறது. காலையில் 25 நிமிடம், மாலையில் 25 நிமிடம். வேன், ஆட்டோ, கார், பைக் எல்லாம் வாசலுக்கு நேரே நிற்கப் பார்க்கும். பிள்ளையைச் சீட்டில் வைத்துக்கொண்டே சைக்கிளைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் கவிழ்ந்துவிடும்; பிள்ளை ஒரு பக்கம் திரும்பி நண்பனைக் கூப்பிட்டால் போதும். இரட்டைக் கால் ஸ்டாண்டு இருந்தாலும் தரை மட்டமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆறேழு அடி மட்டத் தரை பல வாசல்களில் இல்லை. இருந்தது நடைபாதைக்கு ஏறும் சரிவாகவோ ஜெனரேட்டர் மேடையாகவோ ஆகிவிட்டது.

பள்ளி நிர்வாகங்களுக்கும் இந்த மடலை அனுப்புகிறோம். வாசலின் ஒரு பக்கம் 10 மீட்டருக்கு இடுப்பு உயரத்தில் ஒரு குழாய்க் கம்பி போட்டுத் தந்தால் வண்டியை அதில் சாய்த்துக்கொண்டு பிள்ளையை இறக்கலாம். வேன்களை 150 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். வரிசையாக நடத்திக் கூட்டி வர ஒரு ஆயா போதும். போக்குவரத்துப் போலீசார் அந்த அரை மணிக்கு மட்டும் வாசல் தெருவைக் காருக்கு மூடினால், வேறு எந்தச் செலவும் இல்லாமல் முக்கால் பிரச்சினை தீரும்.

சீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை பைக்கில் ஏற்றினால் பெல்ட்டும் ஹெல்மெட்டும் வேண்டும், மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. சைக்கிளைப் பற்றி அது பேசவில்லை. ஐரோப்பியத் தரத்தில் முன்சீட்டு 15 கிலோ வரை, பின்சீட்டு 22 கிலோ வரை. இரண்டுக்குமே 9 கிலோவுக்குக் கீழ் ஏற்றக் கூடாது. இங்கே கடையில் விற்கும் பார் சீட்டில் எடையும் எழுதியிருக்காது, பெல்ட்டும் இருக்காது. பின் கேரியரில் வெறுமனே உட்காரவைத்தால் வரும் காயம் எல்லா எலும்பு டாக்டருக்கும் தெரியும்: தூக்கக் கலக்கத்தில் கால் உள்ளே போய், ஸ்போக்ஸ் கம்பிக்கும் வண்டியின் பின் கவைக்கும் நடுவே குதிகால் மாட்டும். சேலைக்குப் போடும் வலையை இரண்டு பக்கமும் போட்டு, கால் வைக்கக் கட்டை வைத்தால் அது நடக்காது. சீட்டைப் பூட்டும்போது பிள்ளையின் எடை பின் அச்சுக்கு 10 செ.மீ.க்கு மேல் பின்னால் போகக் கூடாது. போனால் மேட்டில் முன்சக்கரம் தூக்கும்.

நிறுத்தும் இடம். ஒரு கார் நிற்கும் 5 மீட்டருக்கு 2.5 மீட்டரில் பத்து சைக்கிள் நிறுத்தலாம். 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி 50 மி.மீ. குழாயில் ஒரு வளைவு, தரைக்கு மேல் 75 செ.மீ. உயரம், தரைக்குள் 30 செ.மீ. கான்கிரீட், அடுத்தடுத்து ஒரு மீட்டர் இடைவெளி. ஒரு வளைவுக்கு இரண்டு வண்டி. பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். முன்சக்கரத்தை மட்டும் செருகும் பழைய கம்பி வரிசையை வாங்காதீர்கள். குழந்தை சீட் வைத்த வண்டி அதில் சாய்ந்தால் ரிம் பெண்டாகும், திருடன் முன்சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவான். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், காய்கறி மார்க்கெட், பால்வாடி: இந்த ஐந்து இடத்திலும் வாசலுக்கு ஐந்து வளைவு. 1949-லேயே சைக்கிள் கம்பெனி தொடங்கிய ஊர் இது. குழாய் வளைக்க ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

நடைபாதை நுழைவில் பைக் ஏறாமல் இருக்கக் குட்டைத் தூண் நடுகிறீர்கள். சக்கர நாற்காலி போக 90 செ.மீ. விட வேண்டும், அதில் ஸ்கூட்டரும் போகும். இடைவெளியைக் குறைத்தால் நாற்காலிக்காரரும் குழந்தை வண்டி தள்ளும் தாயும்தான் தோற்பார்கள். இதற்குத் தூணில் தீர்வு கிடையாது, அபராதத்தில் இருக்கிறது. நாங்களும் நடைபாதையில் ஏறமாட்டோம், ஓரம் சரியாக இருந்தால்.

பணத்தைப் பற்றி ஒன்று. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று மாநகராட்சி 2014-இல் கொள்கையே ஏற்றிருக்கிறது. மேலே கேட்டவற்றில் பெரும்பாலானவை தனிச் செலவுக் கணக்கிலேயே வராது. சாலை போடும்போது, வடிகால் கட்டும்போது, பள்ளம் மூடும்போது சேர்ந்தே முடிகிற வேலை. தடை வேறு இடத்தில். மூடி ஒரு துறை, வடிகால் ஒரு துறை, தார் ஒரு துறை, மின்பெட்டி ஒரு துறை, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்கு வரும் புகார் வேறு துறைக்கு உரியது என்றால் அந்தப் புகாரை முடித்துவைக்காமல் அப்படியே அந்தத் துறைக்கு மாற்றிவிடுங்கள். குழிக்குத் தன்னுடைய துறை எது என்று தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செப்டம்பர் மாதத்தில், மழைக்கு முன், ஒவ்வொரு வார்டு உதவிப் பொறியாளரும் ஒரு நாள் காலை 8.10-க்கு வார்டு அலுவலகத்திலிருந்து அருகிலிருக்கும் பள்ளிவரை சைக்கிளில் போய்ப் பாருங்கள். வண்டி நாங்கள் தருகிறோம். பின் கேரியரில் 15 கிலோ அரிசி மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கேரியர் 25 கிலோ தாங்கும். இடது ஓரத்தைவிட்டு வலப்பக்கம் வர வேண்டியிருந்த ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். திரும்பி வந்ததும் வட்டங்களை எண்ணி, எந்தத் துறையின் வட்டம் எத்தனை என்று ஒரே தாளில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். ஜனவரியில் அதே வண்டி, அதே மூட்டையோடு மறுபடி வருகிறோம்.

இப்படிக்கு,
பின் சீட்டில் பிள்ளையோடு சைக்கிள் ஓட்டும் சென்னைத் தகப்பன்மார் சிலர்